2024 வரை ஆசியாவில் 13 கோப்பை, உலகத்தில் ஒரே ஒரு மூன்றாம் இடம்: ஈரான் ஃபுட்சால் அணி

கேள்வி இதுதான்: ஈரான் ஃபுட்சால் அணி (ஃபுட்சால் என்றால் உள்ளரங்கில் பக்கத்துக்கு ஐவர் ஆடும் கால்பந்து) ஆசியக் கோப்பையை மூட்டை கட்டி வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் உலகக் கோப்பையில் அந்தப் பெயர் ஏன் பெரிதாக அடிபடுவதில்லை? நிஜமாகவே பெரிய அணியா, இல்லை ஆசியாவில் ஆள் இல்லாததால் வந்த பேரா?

பெரிய அணிதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் கேள்வியின் கடைசிப் பாதியை நான் தள்ளிவிட மாட்டேன். ஆசியாவில் எளிதாக ஜெயித்த காலங்களில்தான் அவர்கள் உலக அளவில் சொதப்பினார்கள். ஆசியாவில் அடி வாங்க ஆரம்பித்த பிறகுதான் உலகக் கோப்பையில் மேடை ஏறினார்கள். என் கணக்கு அதுதான். வரலாற்றை வரிசையாகப் பார்த்தால் நான் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று புரியும்.

முதலில் எண்கள். ஆண்களுக்கான ஆசிய ஃபுட்சால் போட்டி 1999ல் கோலாலம்பூரில் ஆரம்பித்தது. 2008 வரை வருடா வருடம் நடந்தது. அதற்குப் பிறகு பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. 2020 போட்டி கொரோனாவால் ரத்து. 2024 வரை மொத்தம் 17 போட்டிகள். அதில் ஈரான் 13, ஜப்பான் 4. அவ்வளவுதான், மூன்றாவதாக ஒரு நாட்டின் பெயரே கோப்பையில் இல்லை. கால்பந்தில் இப்படி ஒரு கண்டத்தை ஒரே அணி குத்தகைக்கு எடுத்த கதை வேறெங்கும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஃபுட்சால் என்றதும் நம் ஊரில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப் நினைவுக்கு வரும். அது வேறு. டர்ஃபில் செயற்கைப் புல், நான்கு பக்கமும் வலை. பந்து வலையில் பட்டுத் திரும்பினாலும் பல இடங்களில் ஆட்டம் தொடரும். ஃபுட்சால் உள்ளரங்கில், மரத்தரை போன்ற வழுவழுப்பான தரையில் ஆடுவது. பக்கச் சுவர் கிடையாது, கோட்டைத் தாண்டினால் பந்து வெளியே. அளவு ஏறத்தாழ 40 மீட்டருக்கு 20 மீட்டர். கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். கோல்கீப்பரோடு சேர்த்து ஒரு பக்கத்துக்கு 5 பேர். பந்து சின்னது, துள்ளாது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் முதல் துள்ளலில் 50 முதல் 65 சென்டிமீட்டர் வரைதான் எழும்ப வேண்டும் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்னும் மூன்று விதிகளைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் ஸ்கோர்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது விளங்கும். ஒன்று, கடிகாரம். ஒரு பாதி 20 நிமிடம். பந்து வெளியே போனால் கடிகாரம் நின்றுவிடும். காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டு நேரம் கடத்தும் வேலை இங்கே பலிக்காது. இரண்டு, ஃபவுல் கணக்கு. ஒரு பாதியில் ஓர் அணி 5 ஃபவுல் வரை செய்யலாம். ஆறாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும், தடுப்புச் சுவர் இல்லாமல், 10 மீட்டர் தூரத்திலிருந்து எதிரணி நேராக கோலுக்கு அடிக்கலாம். மூன்று, பவர் பிளே. பின்தங்கியிருக்கும் அணி, கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு அவர் சட்டையில் ஒரு களவீரரை இறக்கும். அவர் எதிரணி பாதிக்குள் வந்து ஐந்தாவது ஆளாக நின்று பந்தைச் சுழற்றுவார். ஐவருக்கு எதிராக நால்வர் தடுக்க வேண்டும். பின்னால் கோல் காலியாகக் கிடக்கும். பந்தைப் பறித்தவன் நாற்பது மீட்டர் தள்ளி நின்றே உருட்டிவிட்டால் போதும். ஃபுட்சாலில் 4-2 என்பது பாதுகாப்பான முன்னிலையே இல்லை என்பதற்குக் காரணம் இதுதான். 2012லிருந்து 2024 வரை உலகக் கோப்பை நாக்அவுட்டில் ஈரானுக்கு விழுந்த அடிகள் எல்லாமே ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் விழுந்தவை என்பதையும் இந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, ஈரானுக்கு இந்த ஆட்டம் எப்படி இவ்வளவு ஒட்டிக்கொண்டது? பதில் தெருவில் இருக்கிறது. அங்கே சந்துகளில் பையன்கள் ஆடுவதற்கு 'கோல் கூச்சிக்' என்று பேர். 'சின்ன கோல்' என்று அர்த்தம். இரண்டு செங்கல், அல்லது முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம், அதுதான் கோல். கோல்கீப்பர் கிடையாது. பந்து, கடையில் விற்கும் மலிவான கோடு போட்ட பிளாஸ்டிக் பந்து. அப்படியே ஆடினால் காற்றில் பறந்துவிடும். அதனால் பழைய பந்து ஒன்றைக் கத்தியால் கீறி, உள்ளே புதுப் பந்தைத் திணித்துவிடுவார்கள். அதற்கு 'இரண்டு அடுக்குப் பந்து' என்று பெயர். கொஞ்சம் கனமாகிவிடும், துள்ளல் குறைந்துவிடும். காலடியிலேயே கிடக்கும். இப்போது மேலே சொன்ன ஃபுட்சால் பந்தின் விதியை மறுபடி படித்துப் பாருங்கள். அதிகாரபூர்வப் பந்து எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதிப் புத்தகம் கேட்கிறதோ, ஏறக்குறைய அதையே அந்தப் பையன்கள் கத்தியை வைத்துச் செய்துவிட்டார்கள். குறுகிய இடம், சின்ன கோல், காலோடு ஒட்டும் பந்து. பத்து வயதிலேயே பாதத்தின் அடிப்பகுதியால் பந்தை இழுக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. ஃபுட்சாலுக்கு அதைவிட என்ன பயிற்சி வேண்டும்?

அடுத்தது ரம்ஜான் மாதம். நோன்பு திறந்த பிறகு இரவில் உள்ளரங்குகளில் நடக்கும் 'ரம்ஜான் கோப்பை' போட்டிகள் அங்கே பெரிய விசேஷம். பேட்டைக்குப் பேட்டை அணி இறங்கும், அரங்கம் நிரம்பும்.

அதற்கு மேல் லீக். ஈரான் லீக்கின் கிளப் பெயர்களைப் பார்த்தாலே பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். இஸ்ஃபஹானின் ஃபூலாத் மஹான்: ஃபூலாத் என்றால் எஃகு. வர்ஸகானின் மெஸ் சுங்குன்: மெஸ் என்றால் தாமிரம், சுங்குன் அங்கிருக்கும் தாமிரச் சுரங்கம். நம் ஊரில் ரயில்வே, வங்கி, மின்வாரிய அணிகள் விளையாட்டுக்காரர்களுக்குச் சோறு போட்டதுபோல, அங்கே ஆலைகளும் சுரங்கங்களும் ஃபுட்சாலுக்குப் போட்டன. ஆசியாவின் கிளப் கோப்பை முதன்முதலில் 2010ல் இஸ்ஃபஹானிலேயே நடந்தபோது ஃபூலாத் மஹான்தான் ஜெயித்தது. பிறகு கீத்தி பசந்த், தாசீசாத் தர்யாயி, மெஸ் சுங்குன் என்று வேறு ஈரான் கிளப்புகளும் வாங்கின. நல்ல சம்பளம் உள்ளூரிலேயே கிடைத்தது. இந்த நல்ல விஷயமே பின்னால் ஒரு சிக்கலாகிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது தேசிய அணிக்கு வருவோம். ஃபிஃபா நடத்திய முதல் ஃபுட்சால் உலகக் கோப்பை 1989ல் நெதர்லாந்தில். அதில் ஈரான் இல்லை. அடுத்தது 1992, ஹாங்காங். ஆசியக் கோப்பை என்ற ஒன்றே அப்போது கிடையாது. யாரும் எதிர்பார்க்காத அந்த அணி நேராக அரையிறுதி வரை போய், ஸ்பெயினிடம் மூன்றாம் இடத்தை விட்டு, நான்காவதாக முடித்தது. கேள்வி கேட்டவர் "உலகக் கோப்பையில் பெயர் பெரிதாக அடிபடுவதில்லையே" என்றாரே, முதல் வருகையிலேயே நான்காம் இடம். அதை மறுபடி எட்ட அவர்களுக்கு 24 வருடம் பிடித்தது.

1999ல் ஆசியப் போட்டி ஆரம்பிக்கிறது. இறுதியில் தென்கொரியாவை 9-1. 2000ல் பாங்காக்கில் கஜகஸ்தானை 4-1. (கஜகஸ்தான் அப்போது ஆசியாவில் ஆடியது. 2002ல் ஐரோப்பாவுக்கு மாறியது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) 2001ல் டெஹ்ரானில் உஸ்பெகிஸ்தானை 9-0. 2002ல் ஜப்பானை 6-0. இவை குரூப் ஆட்டங்களின் ஸ்கோர் இல்லை, இறுதி ஆட்டங்களின் ஸ்கோர்! 2003, 2004, 2005 இறுதிகளிலும் எதிரே ஜப்பான்தான். 6-4, 5-3, 2-0. ஏழு வருடம், ஏழு கோப்பை. ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள், ஜப்பான் மெல்ல மெல்லப் பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறது.

அந்தக் காலத்தின் முகம் வஹித் ஷம்சாயி. தேசிய அணிக்காக 187 ஆட்டங்களில் 392 கோல். சராசரி ஓர் ஆட்டத்துக்கு இரண்டுக்கு மேல். சர்வதேச ஃபுட்சாலில் நாட்டுக்காக அதிக கோல் அடித்தவர் என்று பரவலாகச் சொல்லப்படுவது இவரைத்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய கால்பந்தில் நாட்டுக்காக அதிக கோல் அடித்தவர் என்ற சாதனையும் வெகுகாலம் ஓர் ஈரானியரிடம்தான் இருந்தது. அலி தாயி, 109 கோல். 2021ல் கிறிஸ்டியானோ ரொனால்டோ அதைத் தாண்டினார். அதுவரை இரண்டு ஆட்டத்தின் சாதனையும் ஒரே நாட்டில். ஷம்சாயியின் 392ல் ஒரு பகுதி பலவீனமான ஆசிய அணிகள் மீது அடித்தது என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அதே அணிகள் மீது ஆட மற்றவர்களுக்கும் வாய்ப்பு இருந்ததே, அவர்கள் ஏன் அடிக்கவில்லை?

இதே காலத்து உலகக் கோப்பைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1996 ஸ்பெயின்: முதல் சுற்றோடு வெளியே. 2000 குவாதமாலா: முதல் சுற்றோடு வெளியே. 2004 தைவான்: மறுபடியும் முதல் சுற்றோடு வெளியே. ஆசியாவில் இறுதி ஆட்டத்தையே 9-0 என்று முடிக்கும் அணி, உலகக் கோப்பையில் குரூப்பைத் தாண்டவில்லை. என் பதிலின் மையம் இங்கேதான் இருக்கிறது. ஆசியாவில் அவர்கள் கோல் அடிக்கக் கற்றுக்கொண்டார்கள், அதுவும் தாராளமாக. ஒரு கோல் முன்னிலையைக் கடைசி நான்கு நிமிடம் கட்டிக்காப்பதையோ, ஐந்து ஃபவுல் ஆன பிறகு ஆறாவதைச் செய்யாமல் தடுப்பதையோ, எதிரணி பவர் பிளே போடும்போது நால்வரும் ஒரு கூடைபோல் சேர்ந்து நகர்வதையோ கற்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை. அடி வாங்காதவனுக்குத் தடுக்கும் கை எங்கே வரும்?

முதல் அடி 2006ல், தாஷ்கண்டில். அரையிறுதியில் ஜப்பான் 5-1 என்று வீழ்த்தியது. போராடித் தோற்றதுகூட இல்லை, நேர்த்தியான உதை. ஜப்பான் அந்த வருடம் கோப்பையையும் வாங்கியது. ஈரான் 2007ல் ஜப்பானிலேயே போய் 4-1 என்று பதில் சொல்லி, 2008, 2010 கோப்பைகளையும் எடுத்துக்கொண்டது. ஆனால் எதிரணிகளுக்குத் தைரியம் வந்துவிட்டது. 2012ல் துபாயில் அரையிறுதியில் தாய்லாந்திடம் 5-4 தோல்வி. 2014ல் ஹோசிமின் நகரில் இறுதி ஆட்டம் 2-2, பெனால்டியில் ஜப்பான் 3-0. கவனியுங்கள், பெனால்டியில் பூஜ்யம். ஈரானின் ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. அப்போது அணியின் பயிற்சியாளர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் கண்டேலாஸ். எதிரே ஜப்பானை வழிநடத்தியவரும் ஒரு ஸ்பெயின்காரர், மிகுவேல் ரோட்ரிகோ. ஆசியாவின் இரண்டு பெரிய அணிகளும் ஸ்பெயினின் பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தன, அந்த ராத்திரி ஒருவருக்குக் கூடுதல் மதிப்பெண்.

இந்த இடைவெளியில் உலகக் கோப்பையிலும் மாற்றம் தெரிய ஆரம்பித்தது. 2008 பிரேசிலில் குரூப்பில் ஸ்பெயினோடு 3-3. 2012 தாய்லாந்தில் மறுபடி ஸ்பெயினோடு 2-2. இரண்டு தடவையும் ஸ்பெயின் இறுதி வரை போன அணி. அப்படிப்பட்டவர்களோடு சரிக்குச் சரி நின்றுவிட்டு, 2008ல் இரண்டாம் சுற்றோடும், 2012ல் நாக்அவுட்டின் முதல் ஆட்டத்தில் கொலம்பியாவிடம் 2-1 என்றும் வீட்டுக்குப் போனார்கள். பெரிய அணியைக் கண்டு பயம் இல்லை. ஒரு கோல் ஆட்டம் வந்தால் மட்டும் கை நடுங்குகிறது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

இனி 2016, கொலம்பியா. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஆரம்பம் படு மோசம். குரூப்பில் ஸ்பெயின் 5-1 என்று புரட்டி எடுத்தது. அஜர்பைஜானோடு 3-3. மொராக்கோவை 5-3 என்று ஜெயித்தார்கள். (இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) குரூப்பில் மூன்றாம் இடம். சிறந்த மூன்றாம் இடக்காரர்களில் ஒருவராக, தட்டுத் தடுமாறி நாக்அவுட்டுக்குள் நுழைந்தார்கள். அப்படி வருபவர்களுக்கு என்ன பரிசு? பிரேசில்.

அதற்கு முன் நடந்த ஏழு உலகக் கோப்பைகளில் பிரேசில் ஐந்தை ஜெயித்திருந்தது. மீதி இரண்டிலும் ஒன்றில் இரண்டாம் இடம், ஒன்றில் மூன்றாம் இடம். முதல் மூன்றுக்குக் கீழே பிரேசில் போனதே இல்லை. அணியில் ஃபல்காவ். ஃபுட்சாலில் அந்தப் பெயருக்கு மேல் பெயர் இல்லை. அவருக்கு அது ஐந்தாவது உலகக் கோப்பை, கடைசியும்கூட. செப்டம்பர் 21, புக்கரமங்கா நகரம். ஃபல்காவ் ஹாட்ரிக் அடித்தார். உலகக் கோப்பைகளில் அவருடைய மொத்தக் கணக்கு 48 கோல் ஆனது. வேறு எந்த ஆட்டமாக இருந்தாலும் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஈரான் விட்ட இடத்தை விடாமல் எட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தது. கூடுதல் நேரமும் முடிந்தபோது 4-4. பெனால்டி. இரண்டு வருடம் முன்பு ஒரு பெனால்டிகூடப் போடத் தெரியாமல் நின்ற அணி 3-2 என்று ஜெயித்தது.

அடுத்து நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஜெயித்த ஈரான் வீரர்கள் கொண்டாட்டத்தை நிறுத்திவிட்டு ஃபல்காவைத் தேடிப் போனார்கள். தோற்ற அணியின் ஆளைத் தூக்கி, மேலே எறிந்து பிடித்தார்கள். திருவிழாவில் சாமியைத் தூக்குவதுபோல. தங்களால் உலகக் கோப்பை வாழ்க்கை முடிந்துபோன ஒருவருக்கு, தாங்களே வழியனுப்பு விழாவும் நடத்தினார்கள். எதிரணிக்காரர்கள் இப்படிச் செய்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிரேசிலை ஜெயித்த களைப்பில் அடுத்த ஆட்டத்திலேயே சுருண்டுவிடுவதுதான் வழக்கம், இவர்கள் சுருளவில்லை. காலிறுதியில் பராகுவேயைக் கூடுதல் நேரத்தில் 4-3 என்று ஜெயித்தார்கள். அரையிறுதியில் ரஷ்யாவிடம் அதே 4-3க்குத் தோற்றார்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் நட்சத்திர வீரர் ரிக்கார்டின்யோவின் போர்ச்சுகலோடு 2-2, பெனால்டியில் 4-3. ஆசிய அணி ஒன்று ஃபுட்சால் உலகக் கோப்பையில் பதக்கம் வாங்கியது அதுதான் முதல்முறை. 2024 வரை வேறு ஆசிய அணி அதைச் செய்யவும் இல்லை. அஹ்மத் இஸ்மாயில்பூருக்குப் போட்டியின் மூன்றாவது சிறந்த வீரர் விருது. பயிற்சியாளர் வெளிநாட்டுக்காரர் இல்லை, முகமது நாசெமோஷ்ஷரியா என்ற உள்ளூர்க்காரர்.

நாக்அவுட்டின் நான்கு ஆட்டங்களையும் வரிசையாகப் பாருங்கள். ஒன்றுகூட வசதியான வெற்றி இல்லை, ஒன்றுகூட நொறுங்கிய தோல்வியும் இல்லை. இரண்டு பெனால்டி, ஒரு கூடுதல் நேரம், ஒரு கோல் வித்தியாசத்தில் ஒரு தோல்வி. 2000த்தில் இருந்த ஈரானிடம் இந்த நெஞ்சுரம் கிடையாது. 2006, 2012, 2014 தோல்விகள் கொடுத்தது இது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் அந்தத் தலைமுறையின் திறமையைச் சொல்வார்கள். அலி அஸ்கர் ஹஸன்சாதே, இஸ்மாயில்பூர், ஹுசைன் தய்யபி எல்லாம் ஒரே நேரத்தில் கிடைத்தது அதிர்ஷ்டம்தானே என்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் திறமை 2004லும் குறைவாக இல்லை.

அப்புறம் என்ன ஆயிற்று? 2018 ஆசிய இறுதியில் ஜப்பானை 4-0 என்று துடைத்தெடுத்தார்கள். மறுபடி பழைய வசதி. 2021ல் லிதுவேனியாவில் உலகக் கோப்பை. (2020ல் நடக்க வேண்டியது, கொரோனாவால் தள்ளிப்போனது.) நாக்அவுட்டின் முதல் ஆட்டம் உஸ்பெகிஸ்தானோடு. ஸ்கோர் 9-8. தட்டச்சுப் பிழை இல்லை, ஒன்பதுக்கு எட்டு. ஜெயித்ததில் சந்தோஷம்தான், ஆனால் நாக்அவுட்டில் எட்டு கோல் வாங்கும் அணி எவ்வளவு தூரம் போகும் என்று அன்றே எனக்குச் சந்தேகம். அடுத்த ஆட்டத்தில், காலிறுதியில், கஜகஸ்தான் 3-2 என்று முடித்துவைத்தது. 2000ல் ஆசிய இறுதியில் ஈரானிடம் 4-1 வாங்கிய அதே கஜகஸ்தான். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் ஐரோப்பாவுக்கு மாறி, குடியுரிமை கொடுத்த பிரேசில்காரர்களைச் சேர்த்து, இகிதா என்ற கோல்கீப்பரை முன்னே ஏற்றி ஐந்தாவது களவீரராகவே ஆடவைக்கும் ஒரு பாணியை உருவாக்கியிருந்தார்கள். மற்றவர்கள் கடைசி நிமிடத்தில் எடுக்கும் ஆயுதத்தை அவர்கள் முதல் நிமிடத்திலிருந்தே கையில் வைத்திருப்பார்கள்.

2022ல் குவைத்தில் ஆசிய இறுதி, ஜப்பான் 3-2. நாட்டின் பெரிய வீரரையே பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார வைத்தும், அதாவது ஷம்சாயியை, கோப்பை கை நழுவியது. 2024ல் பாங்காக்கில் தாய்லாந்தை 4-1 என்று ஜெயித்து ஷம்சாயி அதைத் திரும்பக் கொண்டுவந்தார். பதின்மூன்றாவது கோப்பை.

அதே வருடம் உஸ்பெகிஸ்தானில் உலகக் கோப்பை. குரூப்பில் வெனிசுலாவை 7-1, குவாதமாலாவை 9-4, பிரான்ஸை 4-1. மூன்றுக்கு மூன்று. பார்க்க அவ்வளவு அழகு. நாக்அவுட்டின் முதல் ஆட்டத்தில் மொராக்கோவிடம் 4-3க்குத் தோற்று வெளியே. 2016ல் குரூப்பில் தட்டுத் தடுமாறி வந்து மூன்றாம் இடம், 2024ல் குரூப்பைத் துவம்சம் செய்துவிட்டு முதல் நாக்அவுட்டிலேயே காலி. மொராக்கோ யார் என்று பார்த்தீர்களா? எட்டு வருடம் முன்பு ஈரானிடம் 5-3 வாங்கியவர்கள். 2010லிருந்து ஹிஷாம் திகிக் என்ற ஒரே பயிற்சியாளரை மாற்றாமல் வைத்து, ஆப்பிரிக்கக் கோப்பையை 2016லிருந்து தொடர்ந்து வாங்கிக்கொண்டு வளர்ந்தவர்கள். ஈரான் இருந்த இடத்திலேயே இருந்தது என்று சொல்ல மாட்டேன், மற்றவர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

லீக்கைப் பற்றி அப்புறம் வருகிறேன் என்றேன் அல்லவா? ஸ்பெயின், போர்ச்சுகல் வீரர்களுக்கு வருடம் முழுக்க இறுக்கமான ஆட்டங்கள். உள்ளூர் லீக், ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக், யூரோ தகுதிச் சுற்று என்று ஒரு கோல் வித்தியாச ஆட்டம் மாதம் இரண்டாவது கிடைத்துவிடும். ஈரான் வீரர்களில் பெரும்பாலோர் உள்ளூரிலேயே ஆடுகிறார்கள். சம்பளம் கிடைக்கிறது, ஊர் இருக்கிறது, ஏன் போக வேண்டும்? விதிவிலக்குகள் உண்டு. தய்யபி கஜகஸ்தானின் கைராத், போர்ச்சுகலின் பென்ஃபிகா, ஸ்பெயினின் பால்மா என்று சுற்றியவர். அவர் ஆட்டத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னால் இருக்கும் தடுப்பாளரை இடுப்பாலேயே பூட்டி வைத்துக்கொண்டு, பந்தை வாங்கி அரை நொடி நிறுத்திவைப்பார். அந்த அரை நொடியில் பக்கத்தில் இருந்து ஓடி வரும் ஆளுக்கு இடம் கிடைத்துவிடும். அணியில் இப்படி நான்கு பேர் வெளியே ஆடியிருந்தால் 4-3 ஆட்டங்களில் சில இந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

பெண்கள் அணியைச் சொல்லாமல் விட்டால் பதில் பாதிதான். ஆசியாவின் பெண்கள் போட்டியை 2015ல் மலேசியாவிலும், 2018ல் பாங்காக்கிலும் ஈரான் ஜெயித்தது. இரண்டு இறுதியிலும் எதிரே ஜப்பான், 1-0, 5-2. 2015 போட்டிக்கு அணித்தலைவி நிலூஃபர் அர்தலானால் போக முடியவில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கணவர் ஒப்புதல் தர மறுத்துவிட்டார், அந்த ஊர்ச் சட்டப்படி அது இல்லாமல் நடக்காது. அவர் இல்லாமலேயே அணி கோப்பையோடு திரும்பியது. அதே வருடம் பின்னர் குவாதமாலாவில் நடந்த போட்டிக்கு, சட்ட அதிகாரிகளின் தனி அனுமதி பெற்றுப் போனார். பெண்களுக்கான முதல் ஃபிஃபா ஃபுட்சால் உலகக் கோப்பை 2025ல்தான், பிலிப்பைன்ஸில் நடந்தது. அதிலும் ஈரான் ஆடியது. ஆண்களுக்கு 1989லேயே வந்த போட்டி பெண்களுக்கு வர 36 வருடம்.

"நிஜமாகவே பெரிய அணியா" என்ற கேள்விக்கு இன்னொரு சான்று: ஃபிஃபா 2024ல் முதல்முறையாக ஃபுட்சால் தரவரிசை வெளியிட்டபோது ஈரான் முதல் ஐந்துக்குள் இருந்தது. மற்ற இடங்களில் பிரேசில், போர்ச்சுகல், ஸ்பெயின், அர்ஜென்டினா. அந்த வரிசையில் உலகக் கோப்பை வாங்காத ஒரே பெயர் ஈரான்.

புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர் என்றால் 2016 பிரேசில் ஆட்டத்தை முதலில் பாருங்கள், அடுத்து 2021ன் 9-8. இரண்டாவதைப் பார்க்கும்போது கோல்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், எப்படியும் கணக்கு தப்பும். கடைசி ஐந்து நிமிடத்தில் பந்தை விட்டுவிட்டு, ஈரானின் நான்கு தடுப்பாளர்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று மட்டும் பாருங்கள். அதே கண்ணோடு கஜகஸ்தான் ஆட்டத்தைப் போட்டால் நான் சொல்ல வந்தது திரையிலேயே தெரிந்துவிடும்.